சாம்பலில் என்ன இருந்தது?

அனைவருக்கும் வணக்கம். நாடுகளைத் தாண்டி விஞ்ஞானிகள் ஒத்துழைப்பது பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

1954 மார்ச் 1, விடியற்காலை. பசிபிக் கடலில் ஒரு ஜப்பானியப் படகு சூரை மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில் போட்டிருந்தது. படகின் பெயர் தாய்கோ ஃபுகுரியூ மாரு. ஆட்கள் 23 பேர். திடீரென்று மேற்கு வானம் பற்றி எரிவதுபோல் வெளிச்சம். சில நிமிடம் கழித்து முழக்கம். பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்திருந்தது. கணக்குப் போட்டது சுமார் 6 மெகாடன், அதாவது 60 லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம். வெடித்தது 15 மெகாடன்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் வெள்ளைத் தூள் கொட்ட ஆரம்பித்தது. வெடிப்பில் பொடியாகிப்போன பவளப்பாறையின் கதிரியக்கச் சாம்பல் அது. கடலில் கிடக்கிற தூண்டிலை விட்டுவிட்டுக் கிளம்ப எந்த மீனவருக்கு மனசு வரும்? மணிக்கணக்கில் கயிறு இழுத்தார்கள். தலை, கழுத்து, இடுப்பு என்று ஈரம் பட்ட இடமெல்லாம் தூள் ஒட்டியது. என்னவென்று பார்க்க ஒருவர் அதை நாக்கில் வைத்துச் சுவைத்தார். இன்னொருவர் கொஞ்சம் அள்ளிப் பொட்டலமாக வைத்துக்கொண்டார்.

மார்ச் 14 அன்று யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது அவர்கள் முகமெல்லாம் கறுத்து, தோல் புண்ணாகி இருந்தது. டாக்டர்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது? அது தெரிந்தால்தானே உடம்புக்குள் எது தங்கும், எலும்பில் எது சேரும் என்று யோசிக்க முடியும்? ஒசாகாவில் சந்தைக்கு வந்த சூரை மீனின் கதிர்வீச்சைக் கருவி வைத்து அளந்த உயிர் இயற்பியலாளர் நிஷிவாக்கி யசுஷி, அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்கே கடிதம் எழுதிக் கேட்டார். உருப்படியான பதில் வரவில்லை. சாம்பலின் பட்டியலைக் கொடுத்தால் குண்டின் அமைப்பு வெளியே தெரிந்துவிடும். ரகசியமா, நோயாளியா என்று வந்தபோது ரகசியம் ஜெயித்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸோ, படகு அபாய எல்லைக்குள் போயிருக்க வேண்டும் என்று சொன்னார். படகு நின்றது அறிவித்த எல்லைக்கு வெளியே.

சரி, பதில் வராவிட்டால் என்ன? டோக்கியோ பல்கலைக்கழக வேதியியலாளர் கிமுரா கென்ஜிரோ அந்தச் சாம்பலைப் பிரித்துப் பார்த்தார். யுரேனியம்-237 கிடைத்தது. சாதாரண யுரேனியத்தை வேகமான நியூட்ரான்கள் தாக்கும்போது உருவாகிற வகை அது; அதாவது குண்டில் யுரேனியமும் இருந்திருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஏழு நாளுக்கும் குறைவு. தாமதித்திருந்தால் சுவடே இருந்திருக்காது. 1940-இல் ஜப்பானிய இயற்பியலாளர் நிஷினாவோடு சேர்ந்து அதே யுரேனியம்-237-ஐக் கண்டவர்களில் ஒருவர் இந்தக் கிமுராதான்! பின்னால் நிஷிவாக்கி பெல்ஜியத்தில் பிரிட்டனில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட்டைச் சந்தித்து விவரங்களைக் கொடுத்தார். குண்டின் வெளிச்சுற்று யுரேனியமும் பிளந்ததால்தான் இத்தனை நச்சு என்று ரோட்பிளாட் கணக்கிட்டு 1955-இல் வெளியிட்டார். அரசுகள் பூட்டியதை இரண்டு விஞ்ஞானிகள் பேசித் திறந்தார்கள். ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்குள் படகின் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா ஐகிச்சி 1954 செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். வயது 40.

நேரு அந்த ஏப்ரலிலேயே நாடாளுமன்றத்தில், சோதனைகளை உடனே நிறுத்திவையுங்கள் என்று கேட்டார். 1955 டிசம்பரில் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஐ.நா. ஒரு அறிவியல் குழுவை அமைத்தது. அதன் 15 நாடுகளில் அமெரிக்கா, சோவியத், ஜப்பானோடு இந்தியாவும் இருந்தது.

ஆனால் கூட்டம் போட்டு உட்கார்ந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. கடல்நீரில் அணுவெடிப்பால் வரும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 எவ்வளவு என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் மியாகே யசுவோவும் சருஹாஷி கட்சுகோவும் அளந்து சொன்ன எண்கள் அமெரிக்க எண்களைவிட அதிகம். ஜப்பானியர் அளந்ததில் கோளாறு என்றார்கள் அமெரிக்கர்கள். அப்புறம் 1962-இல் சருஹாஷி கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்துக்கே போனார். ஒரே நீர், இரண்டு முறைகள். அவருடைய முறை துல்லியமானது என்று நிரூபணமானது. சந்தேகப்பட்டவர்களும் தங்கள் ஆய்வகக் கதவைத் திறந்தார்களே, அதையும் பாராட்டத்தான் வேண்டும்.

மீனவர்கள் கதைக்கு வருகிறேன். மீன்களைச் சோதிப்பதை ஜப்பான் 1954 கடைசியோடு நிறுத்தியது. அடுத்த மாதம் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது. சட்டப் பொறுப்பை ஏற்காமல், கருணைத் தொகை என்று. விவகாரம் முடிந்தது என்றார்கள். ஆனால் அந்தக் கடலில் மீன் பிடித்தது இந்த ஒரு படகு மட்டுமல்ல. மற்றப் படகுகளைச் சோதித்த பதிவேடுகளை ஜப்பான் அரசு வெளியிட்டது 2014-இல். அந்தப் படகுகளில் இருந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.