ஈரச்சாக்கு கட்டியும் கோழிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

வணக்கம். கத்திரி தொடங்கியதிலிருந்து கோழிக் கேள்விகள்தான் அதிகம். அதில் ஒரு சகோதரி கேட்டதை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். வாசித்துவிடுகிறேன்: "அண்ணா, நாங்கள் கரூர் மாவட்டம், அரவக்குறிச்சிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் 14 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. மதியமானால் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கின்றன. நான்கு பக்கமும் ஈரச்சாக்கு கட்டிவிட்டேன். அப்படியும் முந்தாநாள் ஒரு பெட்டை செத்துவிட்டது. மேலே ஐஸ் தண்ணீர் ஊற்றலாமா? முட்டையும் ஓடு கட்டாமல் தோல்முட்டையாக வருகிறது."

ஐஸ் தண்ணீர் வேண்டாம், சகோதரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சாக்கு. சாக்கு கட்டியது சரி, நான்கு பக்கமும் கட்டியதுதான் தப்பு.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். நிழலில் நிற்கும்போது கொண்டை, தாடி, இறக்கைக்கு அடியில் என்று ரத்தம் பாய்ந்து சூடு வெளியே போய்விடும். ஆனால் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொட்டால் சூடு எங்கே போகும்? அப்போது அதற்கு இருப்பது ஒரே வழி, வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சு விட்டுத் தொண்டையில் இருக்கும் ஈரத்தை ஆவியாக்குவது. அந்த ஆவி வெளியேறக் காய்ந்த காற்று வேண்டும். நீங்கள் நான்கு பக்கமும் ஈரச்சாக்கால் மூடினால் உள்ளே காற்று நின்றுவிடும், ஈரம் ஏறிவிடும். மேலே தகரம் வேறு. இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்து மூச்சு வாங்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது.

சாக்கை ஒரே பக்கத்தில் கட்டுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். எதிர்ப்பக்கத்தை முழுக்கத் திறந்து விடுங்கள், நாய் நுழையாமல் வலை மட்டும் இருந்தால் போதும். பதினொரு மணியிலிருந்து சாக்கு காயக் காய நனையுங்கள். ஐந்து மணிக்கு மேல் நனைக்க வேண்டாம். ராத்திரி தரை ஈரமாகக் கிடந்தால் ரத்தக்கழிச்சல் வந்து சேரும்.

சென்னை, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களும் இதைப் பார்ப்பீர்கள். உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் மதியம் ஜில்லென்று இருக்கிறதா? இருந்தால் உங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று, ஈரச்சாக்கும் வேலை செய்யும். பானைத் தண்ணீர் சும்மா பேருக்குத்தான் குளிர்ந்திருக்கிறது என்றால் சாக்கில் காசை விடாதீர்கள், ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கோழிக்கு வைத்துவிடுங்கள். பானைக்கும் சாக்குக்கும் ஒரே கணக்குதான். அரவக்குறிச்சியில் பானை நன்றாகவே குளிரும்.

அடுத்தது தகரம். சாக்கு கட்டியும் சூடு குறையவில்லை என்றால் பாதிப் பழி அதன் மேல்தான். வெயிலில் காய்ந்த தகரம் அடுப்புக்கல் மாதிரி கீழே அனலை வீசும். மேலே தென்னங்கீற்றோ பனையோலையோ சோளத்தட்டோ ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, பறக்காமல் கயிறு கட்டுங்கள். ஓலை கிடைக்கவில்லையா, சுண்ணாம்பு அடியுங்கள், வெள்ளையில் பட்ட வெயில் கொஞ்சம் திரும்பிப் போகும். நாமக்கல்லில் பெரிய முட்டைப் பண்ணைகளில் கூரைமேல் ஸ்பிரிங்க்ளர் ஓடும், உள்ளே ஃபாகர் புகை மாதிரி தண்ணீர் அடிக்கும். 14 கோழிக்கு அதெல்லாம் எதற்கு? உண்மையைச் சொன்னால், பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தால் பகலில் கொட்டகையே வேண்டாம். மரத்தடியில் மண்ணைக் கொத்தி இளக்கி விடுங்கள். கோழி தானே பள்ளம் பறித்து, அடிமண்ணின் குளிர்ச்சியில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வரும் மதியத் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், சுடும். அதைக் கோழி குடிக்காது. நானே ஒரு வருஷம் பிளாஸ்டிக் டிரிங்கரில் நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து, இரண்டு சேவல்களைத் தொலைத்தேன். இப்போது அகலமான மண்சட்டியைப் பாதி புதைத்து நிழலில் வைக்கிறேன், மூன்று இடத்தில். ஒரே இடத்தில் வைத்தால் பெரிய சேவல் மற்றதை விடாது. வெயில் கடுமையான நாளில் ஒரு சட்டியில் மட்டும் ஓஆர்எஸ் கலந்து வைக்கலாம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அதே அளவுதான். மற்றதில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். மிச்சத்தைச் சாயங்காலம் கொட்டிவிடுங்கள்.

தீனி விஷயத்தில் சோளம் சூடு, கம்பு குளிர்ச்சி என்று சண்டை போடுவார்கள். எந்தத் தீனி என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதைத்தான் நான் பார்ப்பேன். எதைத் தின்றாலும் அது செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். பத்து மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு உச்சி வெயிலில் உள்ளேயும் வெயில். அதனால் விடிந்ததும் போடுங்கள், எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள், மறுபடி ஐந்து மணிக்கு. நடுவில் தர்பூசணித் தோல், வெள்ளரிக்காய் போடலாம்.

சரி, ஐஸ் தண்ணீர். மேலே ஊற்றினால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய் சுருங்கிவிடும், வெளியே வர வேண்டிய சூடு உள்ளேயே நின்றுவிடும். அதிர்ச்சியிலேயே சாவதும் உண்டு. தலை தொங்கிப்போன கோழியை நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீர் இருக்கும் தொட்டியில் தொடை நனையும் அளவுக்கு நிறுத்திப் பிடியுங்கள், காற்று படட்டும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அப்புறம் தோல்முட்டை. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு நிறைய வெளியே போய்விடுகிறது. முட்டை ஓடு உருவாக அதுவும் வேண்டும். அதோடு தீனியும் குறைகிறது. அதனால் சுண்ணாம்புச் சத்து மட்டும் கொடுத்துப் பயனில்லை, மூச்சு வாங்குவது குறைய வேண்டும். கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியோடு வையுங்கள், ஓடு கட்டுவது ராத்திரியில்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெயிலால் வரும் இளைப்பு பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். ராத்திரியும் இளைப்பு இருந்து, எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ போனால், கழுத்து திருகினால், அது வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம். அப்படி இருந்தால் சாக்கை விட்டுவிட்டு, அந்தக் கோழியைத் தனியாகப் பிரித்துவைத்து, கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.