ஷெரீஃப் ஆக என்ன தகுதி வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு ஷெரீஃப் அலுவலகத்தில் டெபுட்டியாக, அதாவது ஷெரீஃபுக்குக் கீழே ஒரு சாதாரணக் காவலராகச் சேர வேண்டுமென்றால் போலீஸ் அகாடமியில் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். ஊரில் நடத்தை எப்படி என்று விசாரிப்பார்கள். உடல்தகுதி பார்ப்பார்கள். துப்பாக்கி சுடத் தெரிகிறதா என்று சோதிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு மாநிலப் பயிற்சி வாரியம் சான்றிதழ் தரும். சரி, அந்த டெபுட்டிக்கு மேலதிகாரியான ஷெரீஃபுக்கு? இதில் ஒன்றுகூட இல்லாதவரும் ஷெரீஃப் ஆகலாம். பல மாநிலங்களில் சட்டம் தடுப்பதில்லை. தேர்தலில் நின்று ஜெயித்தால் போதும்.

சென்னைக்காரர்களில் மூத்தவர்களுக்கு ஷெரீஃப் என்றதும் வேறொரு நினைவு வரும். நம் நகரத்திலும் அந்தப் பெயரில் ஒரு பதவி இருந்தது. ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்குத் தருகிற கௌரவப் பதவி. விழாக்களில் வரவேற்புரை ஆற்றுவார். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க ஷெரீஃபுக்கும் அவருக்கும் பூர்வீகம் இங்கிலாந்துதான், ஆனால் அமெரிக்க ஷெரீஃபின் கையில் இருப்பது நிஜமான அதிகாரம். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம். அந்தக் கவுண்டியில், நகரப் போலீஸ் இல்லாத பகுதிகளில் ரோந்து போவது ஷெரீஃபின் ஆட்கள். கவுண்டி சிறையை நடத்துவது பெரும்பாலும் அவர்தான். நீதிமன்றத்துக்குப் பாதுகாப்பு தருவது, சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது, வாடகை பாக்கி வைத்தவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது எல்லாம் அவர் அலுவலகத்தின் வேலை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், கோர்ட் அமீனா மூவரும் ஒரே ஆள். கென்டக்கி மாநிலத்தில் சொத்து வரியைக்கூட ஷெரீஃப்தான் வசூலிக்கிறார்.

இப்படி நாடு முழுவதும் சுமார் 3,000 பேர் இருக்கிறார்கள். அலாஸ்காவில் கவுண்டியும் கிடையாது, ஷெரீஃபும் கிடையாது. கனெக்டிகட் 2000ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பதவியையே ஒழித்துவிட்டது. ரோட் ஐலண்டில் நியமனம். மற்றபடி ஏறக்குறைய எல்லா இடத்திலும் தேர்தல்தான், பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. டெக்சாஸில் லவ்விங் என்று ஒரு கவுண்டி உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 64 பேர். அவர்களுக்கும் ஒரு ஷெரீஃப். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். அவர்களுக்கும் ஒரே ஒரு ஷெரீஃப். இரண்டு பேரும் வகிப்பது ஒரே பெயருள்ள பதவி என்பதை மனதில் வைத்துக்கொண்டு, குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்றை எழுதிப் பாருங்கள். எங்கே தொடங்குவீர்கள்?

இந்த நிலைமை ஏன் வந்தது என்றால், ஷெரீஃப் பதவி ரொம்பப் பழையது. போலீஸ் பயிற்சி என்கிற ஏற்பாடு ரொம்பப் புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆளுநரோ நீதிபதியோ நியமித்த அதிகாரிகள் வேண்டாம், நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்று மாநிலத்துக்கு மாநிலம் கிளம்பியபோது, ஷெரீஃப் தேர்தலைப் பல இடங்களில் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்போது போலீஸ்காரருக்கு என்று தனிப் படிப்பு கிடையாது. போலீஸ் பயிற்சிக்கு மாநில அளவில் ஒரு வாரியம் வைத்து இவ்வளவு மணி நேரம் கட்டாயம் என்று சொல்லும் முறை 1959இல்தான் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் வந்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் பின்தொடர்ந்தது. அப்படிச் சட்டம் எழுதியபோது சம்பளத்துக்கு அமர்த்தப்படும் காவலர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். தேர்ந்தெடுக்கப்படும் ஷெரீஃபைப் பல இடங்களில் வெளியே விட்டுவிட்டார்கள். அவரை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதவிக்கான தகுதியை மாநிலத்தின் அரசியல் சட்டமே சொல்லியிருந்தால், சட்டமன்றம் நினைத்த மாத்திரத்தில் அதோடு ஒன்றைச் சேர்த்துவிட முடியாது. கென்டக்கியின் அரசியல் சட்டம் ஷெரீஃபுக்குச் சொல்வது வயது 24, மாநிலத்தில் இரண்டு ஆண்டு, கவுண்டியில் ஓராண்டு குடியிருப்பு. பயிற்சி என்ற பேச்சே அதில் இல்லை. வட கரோலினாவில் கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், தண்டனைக் காலம் முடிந்து குடிமை உரிமைகள் திரும்பக் கிடைத்ததும் ஷெரீஃப் தேர்தலில் நிற்க முடிந்தது. அப்படிச் சிலர் நிற்கவும் செய்தார்கள். அதைத் தடுக்க 2010 நவம்பரில் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. சுமார் 85 சதவீதம் பேர் திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். இதற்கே ஓர் அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது என்றால், மற்றதைக் கேட்பானேன்!

இப்போது விதிகள் இருக்கும் மாநிலங்களுக்கு வருவோம். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஜார்ஜியாவில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி பார்க்க வேண்டும், பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் போலீஸ் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் அடிப்படைப் பயிற்சியை முடிக்க ஓராண்டு அவகாசம். டெக்சாஸ் நெடுங்காலம் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து வந்தது. இரண்டு ஆண்டு என்றால் பதவிக்காலத்தில் பாதி! ஒஹையோ இவர்களைவிடக் கறார். வேட்பாளராக நிற்கும்போதே போலீஸ் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல், மற்றவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இரண்டு ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும், அல்லது பள்ளிக்குப் பிறகு இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பு இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தின் இரண்டு பக்கங்களும் அங்கேதான் பளிச்சென்று தெரிகின்றன. 1989இல் அமலுக்கு வந்த சட்டப்படி அங்கே ஷெரீஃப் வேட்பாளருக்குப் போலீஸ் பயிற்சி வாரியத்தின் உயர்நிலைச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் படிப்பும் போலீஸ் அனுபவமும் கலந்த ஒரு கணக்கு. முதுகலைப் பட்டம் என்றால் ஓராண்டு அனுபவம் போதும். இளங்கலைக்கு இரண்டு ஆண்டு. வெறும் பள்ளிப் படிப்பு என்றால் நான்கு ஆண்டு. எப்படிப் பார்த்தாலும் போலீஸ் துறையைத் தொடாத ஒருவர் நிற்க முடியாது. அப்போது பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள்.

அந்த விலக்கில் தப்பியவர்களில் ஒருவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் மைக்கேல் ஹென்னஸி. போலீஸ்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. வழக்கறிஞர், சிறைக் கைதிகளுக்குச் சட்ட உதவி செய்து வந்தவர். 1979 தேர்தலில் ஜெயித்து 1980இல் பதவியேற்று, 2012 தொடக்கம் வரை ஷெரீஃபாக இருந்தார். மறுபடி மறுபடி ஜெயித்தார். 2003இல் அவர் காலத்தில்தான் அந்தக் கவுண்டி சிறைக்குள் பெரியவர்களுக்கான உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கியது. உள்ளே வந்தவர் விட்டுப்போன படிப்பை முடித்துப் பட்டயத்தோடு வெளியே போகலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் தெரு ரோந்தை நகரப் போலீஸ் பார்த்துக்கொள்கிறது, ஷெரீஃபுக்கு முக்கியமாகச் சிறையும் நீதிமன்றமும்தான். அதனால் அவரை எல்லா ஊருக்கும் பொருத்திப் பேசக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய விதிப்படி அவரைப் போன்ற ஒருவர் வேட்புமனுவே போட முடியாது. இந்த விதியை நீக்க ஸ்காட் வீனர் என்ற மாநிலச் செனட்டர் 2021இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

அதே கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஷெரீஃபாக இருந்தவர் லீ பாக்கா. டெபுட்டியாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். காகிதத்தில் பார்த்தால் அவருக்கு மேல் தகுதி உள்ள ஆளைத் தேடுவது கஷ்டம். அவருடைய சிறைகளில் கைதிகளை அடிக்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ. விசாரித்தபோது, அந்த விசாரணையையே தடுக்கப் பார்த்தார் என்று 2017இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மூன்று ஆண்டு சிறை. ஜார்ஜியாவில் கிளேட்டன் கவுண்டி ஷெரீஃபாக இருந்த விக்டர் ஹில்லும் பயிற்சி பெற்ற போலீஸ்காரர்தான், துப்பறிவாளராக வேலை பார்த்தவர். சிறையில் இருந்தவர்களை நாற்காலியில் வாரால் கட்டி மணிக்கணக்கில் உட்கார வைத்ததற்காக, அவர்களுடைய குடிமை உரிமைகளை மீறினார் என்று 2022இல் தண்டிக்கப்பட்டார்.

இரண்டு பேரை வைத்து 3,000 பேரை எடைபோட முடியாதுதான். ஆனால் இரண்டு வழக்கும் எங்கே நடந்தன என்று கவனியுங்கள். இரண்டும் சிறைக்குள். நான் சொல்ல வந்தது இதைத்தான்: தகுதி விதிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஷெரீஃபை ரோந்துக் காரில் உட்கார்ந்திருக்கும் ஆளாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர் பொறுப்பில் பெரிய பங்கு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் எந்த நாளிலும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள், ஜாமீன் கட்டப் பணமில்லாமலோ விசாரணைக்காகவோ காத்திருப்பவர்கள். அங்கே நிகழும் மரணங்களில் நீண்ட காலமாக முதலிடத்தில் இருப்பது தற்கொலை. போதைப் பழக்கம் திடீரென்று நின்று உடல் நடுங்கும் நிலையில் வருபவர், மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நீரிழிவுக்காரர், கர்ப்பிணி எல்லோரும் முதல் இரவைக் கழிப்பது ஷெரீஃபின் பொறுப்பில். கார் துரத்தலிலும் துப்பாக்கி சுடுவதிலும் நான்கு ஆண்டு அனுபவம் இருந்தால் இதைச் சமாளிக்கத் தெரிந்துவிடுமா? மருத்துவ ஒப்பந்தம் போடுவது, இரவுப் பணிக்கு ஆள் ஒதுக்குவது, தற்கொலைக் கண்காணிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது, கோடிக்கணக்கான டாலர் பட்ஜெட்டைக் கவுண்டி ஆணையர்களிடம் விளக்குவது எல்லாம் வேறு வித்தைகள்.

அப்படியானால் போலீஸ் சான்றிதழே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. சான்றிதழைக் கொடுப்பதைவிட அதைப் பறிக்க முடியும் என்பதில்தான் அதன் பலன் அதிகம். ஒரு டெபுட்டி பொய்ச் சாட்சி சொன்னார், கைதியை அடித்தார் என்றால் வாரியம் அவருடைய சான்றிதழை ரத்து செய்யலாம். அன்றோடு வேலை போயிற்று. சான்றிதழே தேவைப்படாத பதவியில் இருப்பவரிடம் வாரியம் எதைப் பறிக்கும்? சான்றிதழ் பறிபோன ஒரு டெபுட்டி, அப்படிப்பட்ட மாநிலத்தில் அடுத்த தேர்தலில் நின்று, தன்னை வேலையைவிட்டு அனுப்பிய அலுவலகத்துக்கே தலைவராகத் திரும்பி வரவும் சட்டத்தில் தடை இருக்காது. அவரைக் கைது செய்ய வேண்டிய நிலை வந்தால்? இந்தியானா மாநிலத்தில் ஷெரீஃபைக் கைது செய்யும் அதிகாரம், மரண விசாரணை செய்யும் கரோனர் என்ற அதிகாரிக்கு இருக்கிறது. அவரும் தேர்தலில் வருபவர். அவருக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. அது தனி உரைக்கான விஷயம்.

ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டுமே, நடுவில் வாரியம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. போலீஸ் அனுபவம் கட்டாயம் என்று வைத்தால் போட்டியிடக் கூடியவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். சின்னக் கவுண்டியில் அப்படி எத்தனை பேர் கிடைப்பார்கள்? கிடைக்கிற நாலு பேரும் இப்போதைய ஷெரீஃபிடம் சம்பளம் வாங்குகிறவர்களாக இருப்பார்கள். அவரை எதிர்த்து நிற்க யாருக்குத் தைரியம் வரும்? ஏற்கெனவே பல கவுண்டிகளில் ஷெரீஃப் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, ஒரே பெயர்தான் வாக்குச்சீட்டில் இருக்கிறது. அந்த இடங்களில் ஜனங்கள் முடிவு செய்கிறார்கள் என்று சொல்வது பேச்சுக்கு வேண்டுமானால் நன்றாக இருக்கும்.

தேர்தல் முறையை விட்டுவிடலாமா என்ற கேள்வியிலும் அமெரிக்கர்கள் ஒரு பக்கமாக நிற்கவில்லை. சியாட்டல் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 2020இல் மக்கள் தேர்தலைக் கைவிட்டு நியமன முறைக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ஃப்ளோரிடா மக்கள் நேரெதிராக, எல்லாக் கவுண்டியிலும் ஷெரீஃபைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் பல பத்தாண்டுகள் நியமன முறையில் இருந்த மயாமி-டேட் கவுண்டி 2024இல் ஷெரீஃப் தேர்தல் நடத்தியது. இந்த முறை சீக்கிரம் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, தேர்தல் இருக்கும் என்று வைத்துக்கொண்டே யோசிக்க வேண்டும்.

என் கட்சி இதுதான். வாக்குச்சீட்டுக்கு முன்னால் இருக்கும் கதவை அகலமாக வையுங்கள். குற்றப் பின்னணி பாருங்கள், சான்றிதழை இழந்தவரை நிறுத்துங்கள், அதோடு விடுங்கள். வழக்கறிஞர் வரட்டும், செவிலியர் வரட்டும், ராணுவத்தில் இருந்தவர் வரட்டும். ஜெயித்த பிறகு கெடுபிடி காட்டுங்கள். இதற்கு ஒஹையோவில் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே புதிதாக ஜெயித்த ஷெரீஃப் மாநில அகாடமியில் ஒரு தனிப் பயிற்சிக்குப் போக வேண்டும். அதில் குறைந்தது இரண்டு வாரத்தை ஜனவரி முதல் திங்கட்கிழமைக்கு முன்னால், பதவியில் உட்காருவதற்கு முன்பே முடிக்க வேண்டும். அந்த நாட்களுக்குக் கவுண்டி ஆணையர்கள் ஒப்புக்கொண்டால் சம்பளமும் உண்டு. தேர்தல் நவம்பரில், பதவியேற்பு ஜனவரியில். நடுவில் இரண்டு மாதம் சும்மாதான் கிடக்கிறது. இரண்டு வாரத்தை ஆறு வாரமாக்கி, அதில் பாதியைச் சிறைக்குள் இரவுப் பணியில் உட்கார வைத்து நடத்தினால் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. அகாடமி இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முடிக்காதவருக்குப் பதவிப் பிரமாணம் கிடையாது என்று ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரிக்குச் சில மாநிலங்களில் மறுபடி அரசியல் சட்டத் திருத்தமும் வாக்கெடுப்பும் தேவைப்படலாம். வட கரோலினாவில் 85 சதவீதம் பேர் ஒருமுறை சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.