மம்பட்டிக் கணையும் கோல்ஃப் கிளப்பும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கோல்ஃப் பற்றிப் பேச வேண்டும், பதினைந்து நிமிடம் என்று நிலையத்தில் சொன்னார்கள். கொடைக்கானல் மைதானத்தில் பதின்மூன்று வயதில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்குகிற கேடியாக ஆரம்பித்தவன் நான். இப்போது கிளப்புகளுக்கு, அதாவது பந்தை அடிக்கிற மட்டைகளுக்கு, கிரிப் என்கிற கைப்பிடி உறை மாற்றுவது, நீளம் குறைப்பது, கூட்டுவது என்று கைவேலை செய்கிறேன். அதனால் எப்படி ஆடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. எதை வைத்து ஆடுவது என்பதுதான் இத்தனை வருஷமாக என் மனசில் கிடக்கிற விஷயம். அதைச் சொல்கிறேன்.

கோல்ஃப் நமக்கெதற்கு என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். பூம்பாறையில் பூண்டுக் காட்டில் நிற்பவருக்கும், கீழே தேனி, திண்டுக்கல் பக்கம் கேட்பவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். மம்பட்டி.

என் அப்பா கூலிக்குப் பாத்தி போடுகிறவர். அவருடைய மம்பட்டியை யாரும் தொட முடியாது. கணை, அதாவது கைப்பிடிக் கம்பு, போடும்போது முதலில் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, கம்பைப் பக்கத்தில் நிறுத்தி, நகத்தால் ஒரு கீறல் போடுவார். அங்கேதான் அறுப்பார். அதோடு முடியாது. மம்பட்டியின் காதுக்குள் கணையைச் செருகி, ஆப்பு வைத்து, மண்ணில் ஒரு கொத்து கொத்திப் பார்ப்பார். அலகு இரண்டு பக்கமும் சமமாக மண்ணில் இறங்க வேண்டும். ஒரு மூலை மட்டும் ஆழமாகப் போனால், ஆப்பைத் தட்டி எடுத்து இடம் மாற்றி அடிப்பார். மறுபடியும் ஒரு கொத்து. நாலு தடவை, ஐந்து தடவை. "இப்பப் பாக்கலேன்னா, சாயந்தரம் இடுப்பு சொல்லும்" என்பார்.

அவர் பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று, கணையின் நீளம். இரண்டு, அலகு மண்ணில் உட்காருகிற சாய்வு. கோல்ஃப் கிளப்பிலும் இதே இரண்டுதான் முதலில். நீளத்தை லெங்த் என்கிறோம். சாய்வை லை என்கிறோம். லை என்றால் கிளப்பின் அடிப்பாகம் தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கும்போது, தண்டு, அதாவது ஷாஃப்ட், தரையோடு சேர்கிற கோணம். அயன் என்பது இரும்புத் தலை வைத்த கிளப்; சாதாரணமாக ஒரு செவன் அயனில், அதாவது ஏழாம் எண் அயனில், அது 62 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

மதுரையில் இருந்து ஒரு டாக்டர் ஒவ்வொரு வருஷமும் சீசனுக்கு மேலே வருவார். ஐந்தடி மூன்று அங்குலம்தான் இருப்பார். நல்ல மனிதர், பொறுமையாக ஆடுவார். அவருடைய மகன் அமெரிக்காவில் இருந்து ஒரு செட் அனுப்பியிருந்தார். மகன் ஆறடி. தான் ஆடுகிற மாதிரியே அப்பாவுக்கும் நல்லதாக இருக்கட்டும் என்று ஆசையாக வாங்கிய செட். பளபளவென்று இருந்தது. அதை வைத்து டாக்டர் அடித்தால் பந்து இடது பக்கம் போகும். எப்போதும் இடது பக்கம். சின்ன கிளப் எடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும். "என் ஸ்விங்தான், வீச்சுதான் கோணல் தம்பி" என்பார். கீழே ஒரு பயிற்சியாளரிடம் காசு கட்டிக் கற்றுக்கொண்டார். அடுத்த வருஷம் வந்தபோது வலது பக்கமாகத் திரும்பி நின்று அடித்தார். பந்து சுற்றி வந்து நடுவில் விழுந்தது. ஆனால் இடது முழங்கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கேடிதான் கிளப்பைத் துடைத்து வைப்பான். ஈரத்துணியால் துடைத்தபோது செவன் அயனைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். ஹீல் பக்கம், அதாவது தண்டு வந்து சேர்கிற பக்கம், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்ந்து வெள்ளியாய் மின்னுகிறது. டோ பக்கம், நுனிப் பக்கம், கடையில் வாங்கிய அன்று இருந்த மங்கலோடு அப்படியே இருக்கிறது. புல்லில் அவர் பெயர்த்த தடத்தையும் போய்ப் பார்த்தேன். ஆட்டக்காரர் பக்கம் ஆழம், அந்தப் பக்கம் புல் மேலோடு மட்டும் போயிருந்தது. அப்பாவின் மம்பட்டி ஒரு மூலையால் கொத்துகிற மாதிரிதான். கணை நீளம், சாய்வும் உயரமானவருக்கு உரியது. நுனி வானம் பார்க்கிறது.

அதற்கும் பந்து இடது பக்கம் போவதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வலது கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்கள் முன்னால் நீளட்டும், உள்ளங்கை இடது பக்கம் பார்க்கட்டும். பந்து போக வேண்டிய திசை அந்த இடது பக்கம். இப்போது உள்ளங்கை கொஞ்சம் வானத்தைப் பார்க்கிற மாதிரி சாயுங்கள். அதுதான் லாஃப்ட், பந்தை மேலே தூக்குகிற சாய்வு. அப்படியே வைத்துக்கொண்டு விரல் நுனியை மட்டும் மேலே தூக்குங்கள். உள்ளங்கை மெல்ல உங்கள் பக்கமாகத் திரும்புகிறது, பார்த்தீர்களா? பந்தும் அந்தப் பக்கம்தான் போகும். நீங்கள் எவ்வளவு நேராக வீசினாலும் சரி. லாஃப்ட் அதிகமான சின்ன கிளப்பில் இது அதிகம், தூரம் அடிக்கிற நீளமான கிளப்பான டிரைவரில் குறைவு. டாக்டருக்குச் சின்ன கிளப்பில் கூடுதலாக இடது பக்கம் போனது அதனால்தான். நுனி கீழே அழுந்தினால் நேர் எதிராக வலது பக்கம் போகும். உயரமானவர்கள் குட்டைக் கிளப்பை வைத்துப் படுகிற பாடு அது.

மூன்றாவது வருஷம்தான் அவரிடம் சொன்னேன். கேடி வாய் திறந்து மெம்பரின் கிளப் சரியில்லை என்று சொல்வது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அந்த இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது இன்றைக்கும் எனக்கு வருத்தம். "டாக்டர், உங்கள் ஸ்விங்கில் ஒன்றும் இல்லை, கிளப்பில்தான் இருக்கிறது. ஒரு பந்தில் கோடு போட்டுப் பார்க்கலாமா?" என்றேன். பந்தில் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போட்டு, அது நெட்டுக்குத்தாக, கிளப் வந்து மோதும் பக்கத்தில் இருக்கிற மாதிரி வைத்தேன். அடித்தார். மை கிளப்பின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கிளப் சரியாக உட்கார்ந்து வந்திருந்தால் அந்தக் கோடு முகத்தில் நேராக நிற்க வேண்டும். இங்கே அது நுனிப் பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "மூணு வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேனே" என்றார்.

ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து, வலது பக்கம் திரும்பாமல் நேராக நின்று அடிக்கச் சொன்னேன். போனது நேராக. அப்புறம் பெங்களூரில் ஒரு பட்டறையில் கொடுத்து எல்லா அயனையும் வளைத்து வாங்கி வந்தார். அடித்துச் செய்த இரும்பு சுலபமாக வளையும். வார்ப்பாகச் செய்தது ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஒத்துவராது, உடைந்துவிடலாம். அவருடையது அடித்துச் செய்தது, தப்பித்தது. ஆனால் கிளப் சரியான பிறகும் பல மாதம் அவருடைய உடம்பு வலது பக்கமே திரும்பி நின்றது. நான் வலியுறுத்துவது இதைத்தான். பொருந்தாத கிளப் இரண்டு பந்தைத் தொலைத்துவிட்டுப் போவதில்லை. உடம்புக்கு ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறது. கிளப்பை ஒரு மணி நேரத்தில் வளைத்துவிடலாம். உடம்பு கற்றதை மறக்கடிக்க வருஷம் ஆகும்.

இதை எனக்கு முன்னால் யோசித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கார்ஸ்டன் சோல்ஹைம். பிறந்தது நார்வே, வளர்ந்தது அமெரிக்கா. அப்பா செருப்புத் தைப்பவர், இவரும் இளம் வயதில் அதே தொழில் செய்தார். பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இன்ஜினியர். கோல்ஃப் ஆட ஆரம்பித்ததே 42 வயதில். பிங் என்ற கம்பெனியை 1959-இல் ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி கிளப்பில் சின்னதாக ஒரு நிறப் புள்ளி இருக்கும். கறுப்பு என்றால் இயல்பான லை. நீலம், பச்சை என்றால் நிமிர்ந்தது. சிவப்பு, ஆரஞ்சு என்றால் படிந்தது. கால் அளவு எடுத்துச் செருப்புத் தைத்த கை, கிளப்புக்கும் ஆளைத்தான் முதலில் பார்த்திருக்கிறது. பழைய செட் வாங்கும்போது அந்தப் புள்ளியைக் கட்டாயம் பாருங்கள். யாருடைய உடம்புக்குச் செய்தது என்று அது சொல்லிவிடும்.

சரி, வீட்டிலேயே செய்யக்கூடிய அளவு ஒன்று சொல்கிறேன். ஷூ போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். கை தளர்ந்து தொங்கட்டும். நீங்களே குனிந்து அளக்கக் கூடாது, குனிந்தால் அளவு மாறிவிடும். இன்னொருவரை மணிக்கட்டின் மடிப்பில் இருந்து தரை வரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். 34-இல் இருந்து 36 அங்குலம் வரை வந்தால் கடையில் விற்கிற சாதாரண நீளம் பெரும்பாலும் ஒத்துவரும். அதற்கு மேலே கீழே போனால் யோசிக்க வேண்டும். உயரத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கிளப் கொடுக்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். உயரமானவருக்குக் கை நீளமாக இருந்தால், அவருக்கும் அவரைவிடக் குட்டையானவருக்கும் மணிக்கட்டில் இருந்து தரை ஒரே அளவு வரலாம். நின்றபடி எடுத்த அளவும் ஆரம்பம்தான். வீசும்போது கை கொஞ்சம் உயரும், ஷாஃப்ட் கொஞ்சம் வளையும். அதனால் அடித்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. அப்பா மண்ணில் கொத்திப் பார்த்தது அதற்குத்தான்.

பெண்களிடம் ஒரு வார்த்தை. லேடீஸ் செட் என்று தனியாக விற்கிறார்கள். நீளம் ஒரு அங்குலம் போலக் குறைவு, தண்டு மெலிவு. உயரமாக, வேகமாக வீசுகிற பெண்ணுக்கு அது பொருந்தாது. அதேபோல அறுபது தாண்டிய ஆண்களில் பலருக்கு ஸ்டிஃப் ஷாஃப்ட் வேண்டாம். மெதுவாக வீசுகிறவர் விறைப்பான தண்டை எடுத்தால் பந்து தாழ்வாக, வலது பக்கமாகப் போய் விழுந்துவிடும். சீனியர் என்று எழுதியிருப்பதை வாங்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். அந்த எழுத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு ஒன்றும் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் மாதிரி இருக்கும். எழுத்தைப் பார்க்காதீர்கள், பந்தைப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். அப்பாவின் பழைய கிளப்பை ரம்பத்தால் பாதி அறுத்து, பையன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தண்டை அறுத்தால் அது இன்னும் விறைக்கும். தலை மட்டும் பெரியவருடைய கனம். எட்டு வயசுப் பிள்ளை அதைத் தூக்கவே உடம்பை வளைக்கிறது. நாங்கள் கேடிப் பையன்களாக இருந்தபோது வாட்டில் மரத்தில் அடி வளைந்த குச்சியாகப் பார்த்து வெட்டி, அவனவன் இடுப்பில் வைத்து அளந்து ஆடுவோம். காசில்லாத ஆட்டம்தான். ஆனால் ஒவ்வொரு குச்சியும் அவனவனுக்குப் பொருத்தம். அறுத்த கிளப்பைவிட அந்தக் குச்சி எவ்வளவோ மேல்.

நம் மலைக்கு மட்டும் உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். ஊட்டி அதற்கும் கொஞ்சம் மேலே. காற்று இங்கே லேசு. அதனால் சென்னையில் 150 கஜம் போகிற பந்து இங்கே பத்துப் பன்னிரண்டு கஜம் கூடவே போகும். இதைப் பலரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இன்னொன்று. லேசான காற்றில் பந்துக்குத் தூக்கலும் குறைகிறது, வளைவும் குறைகிறது. அதனால் கீழே சரியாக எழும்புகிற டிரைவர் இங்கே தாழ்ந்து போகும். இங்கே அதிகம் ஆடுகிறவர்கள் ஒன்றிரண்டு டிகிரி லாஃப்ட் கூடுதலாக எடுத்துப் பார்க்கலாம். டிசம்பர் காலையில் பந்து குளிரில் செத்துக் கிடக்கும், அந்தக் கூடுதல் கஜத்தில் பாதியை அது தின்றுவிடும். அதனால் எந்தக் கிளப்புக்கு எத்தனை கஜம் என்பதை இங்கே, உச்சி வெயிலிலும் ஒரு முறை, குளிரிலும் ஒரு முறை அடித்துத்தான் எழுதி வைக்க வேண்டும். நீளமும் லையும் மட்டும் மலை ஏறினாலும் மாறாது. உடம்பு அதேதானே.

ஆனால் அடித்துப் பார்க்கிறபோது சமதரையில் நின்று பாருங்கள். நம் மைதானத்தில் சமதரை குறைவு. பந்து காலைவிட மேலே இருக்கிற சரிவில் நின்றால், நல்ல கிளப்பும் இடது பக்கம்தான் அனுப்பும். அதைப் பார்த்துவிட்டுக் கிளப்பை வளைக்கக் கொண்டு வந்தவர்கள் உண்டு. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி இரண்டு விரல் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். கிரிப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், என் பிழைப்பே அதில்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். இடது கையால் பிடித்துப் பாருங்கள். நடுவிரல், மோதிர விரல் நுனிகள் உள்ளங்கையின் சதையை லேசாகத் தொட வேண்டும். நகம் குத்தினால் மெலிவு, தொடாமல் இடைவெளி இருந்தால் தடிமன். மூட்டுவலி உள்ளவர்கள் கொஞ்சம் தடிமனாகவே போடலாம், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. நாள்பட்டால் கிரிப் பளபளத்து இறுகிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். அப்படியும் வழுக்கினால் மாற்றுங்கள். கிளப் வாங்குவதைவிட அது மிக மிகச் சின்னச் செலவு.

பந்தைக் குழிக்குள் உருட்டுகிற கிளப்பான பட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில்தான் போகிறது. அதன் நீளம் மட்டும்: குனிந்து நின்றால் கண் பந்துக்கு நேர் மேலே, அல்லது ஒரு விரல் உள்ளே வர வேண்டும். மூக்கின் மேல் இருந்து ஒரு பந்தை நழுவ விட்டால், கீழே இருக்கிற பந்தின் மேலேயே விழுகிறதா என்று பாருங்கள். வெளியே விழுந்தால் அதிகம் குனிகிறீர்கள், பட்டர் குட்டையாக இருக்கலாம். வணக்கம்.