மேகத்துக்கு மேலே ஒரு கண்
(மூணாறு வட்டாரத்து வாசகசாலை ஒன்றின் ஆண்டுவிழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் வார்த்தை தவறாமல் வந்திருக்கும் பஞ்சாயத்து மெம்பர் சேச்சி அவர்களே, இருபுறமும் வீற்றிருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, மேடையில் இடமில்லாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு நேராக வந்திருக்கும் அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயா இல்லையென்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு வந்திருக்காது. அதைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது.

போர் விமானம் ராடாரை வைத்துத் தரையில் இருக்கும் இலக்கை எப்படி அடையாளம் காண்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இரண்டு விஷயம் சொல்கிறேன். இருப்பதைக் கண்டுபிடிப்பது, அது இன்னதென்று தெளிவது. இரண்டுக்கும் ஒரே பழமொழி போதும்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

இரண்டாம் உலகப் போர், 1943 ஜனவரி 30-ஆம் தேதி இரவு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் மேல் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் வருகின்றன. ‘எச்-டூ-எஸ்’ என்ற ராடார் அன்றுதான் முதன்முதலாகப் போருக்குப் போகிறது. ராடார் அலை தண்ணீரில் பட்டால் அப்பால் தெறித்துப் போய்விடும், திரையில் அந்த இடம் கறுப்பு. கட்டடத்தில் பட்டால் திரும்பி வரும், வெளிச்சம். எல்பே ஆறும் துறைமுகமும் கறுப்பாக விழுந்ததால் ஹாம்பர்க்கை இனம் காண்பது சுலபம். சரி, அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? மூன்றே நாளில், அந்த ராடாரோடு போன ஒரு விமானம் ராட்டர்டாம் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. கருவி ஜெர்மானியர் கையில்! அந்த அலையையே மோப்பம் பிடித்து விமானத்தைத் தேடிவரும் கருவியை அவர்கள் செய்தார்கள். பெர்லின் ஏரிகளில் அலையைத் திருப்பி அனுப்பும் உலோகத் தகடுகளை மிதக்கவிட்டார்கள். தண்ணீர் இருக்கும் இடம் திரையில் நிலமாகத் தெரிந்தது. கண்ணால் காண்பதும் பொய்!

இன்றைய ராடார் அதைவிடக் கூர்மையானது. 1951-இல் கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு வழி சொன்னார். விமானம் பறக்கும் வழியெல்லாம் கிடைக்கும் எதிரொலிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், சின்ன ஆண்டெனாவே மிக நீளமான ஆண்டெனாவின் வேலையைச் செய்யும். ராத்திரி, மேகம், மழை எதுவும் தடையில்லை. ஆனால் இப்படிக் கிடைக்கும் தரைப் படத்தில் ஓடும் ரயில் தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கும். ரயிலின் வேகம் எதிரொலியின் அலைவரிசையை மாற்றிவிடுவதால், கணக்கு அதை வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதே அலைவரிசை மாற்றத்தை விசாரித்தால் டாங்கியா லாரியா என்றும் பிரிக்கலாம். டாங்கிச் சங்கிலியின் மேல்பகுதி வண்டியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே ஓடும். சக்கர வண்டியின் எதிரொலியில் அந்தச் சாயல் இவ்வளவு பலமாக இருக்காது. தீர விசாரிப்பதே மெய் என்பது இதுதான்.

தோழர்களே, இவ்வளவு கூர்மையான கண் யாருக்காக? 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு நம் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் உருள்பொட்டி, அதாவது மலை சரிந்து, லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், தூங்கிக்கொண்டிருந்த நம் சனங்கள் 70 பேர் போனார்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. படைக்காகப் பிறந்த அதே நுட்பம் இன்று செயற்கைக்கோளில் இருக்கிறது. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோள் நிசார் 12 நாளுக்கொரு முறை அதே பாதையில் வந்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காட்டக்கூடியது. அதன் தரவு எல்லாருக்கும் இலவசம். ஒரே மழையில் திடீரென்று சரியும் மலையை அது முன்கூட்டிச் சொல்லிவிடாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும் சரிவைக் காட்டும். அந்த எச்சரிக்கையாவது நமக்கு வர வேண்டாமா?

ஒவ்வொரு லயத்துக்கும் மேலே இருக்கும் சரிவின் நிலை என்ன என்று, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் வரைபடம் போட்டு, தமிழில் அச்சடித்து எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். ஆபத்தான லயத்தில் இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு வேண்டும். மனு தமிழிலும் மலையாளத்திலும் மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது லயத்து நம்பரையும் எழுதுங்கள். எழுத வராத பாட்டிமாருக்குப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று எழுதிக் கொடுங்கள்.