45 கோடி டாலர் ஓவியம்: அந்த விலைக்குள்ள என்னென்ன இருக்கு?

வணக்கம் மக்களே. உலகத்துலயே அதிக விலைக்குப் போன ஓவியம்னா லியோனார்டோ டா வின்சி வரைஞ்சதா சொல்ற இயேசு ஓவியம், ‘சால்வேட்டர் முண்டி’. 2017 நவம்பர் 15, நியூயார்க்ல கிறிஸ்டீஸ் ஏலம். 45 கோடி டாலர்னு படிச்சிருப்பீங்க. ஆனா ஏலத்துல கேட்ட தொகை 40 கோடிதான். மிச்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம்.

ஏலம் விடுறவர் சுத்தியலைத் தட்டும்போது நிக்கிற தொகைதான் சுத்தியல் விலை. அதுக்கு மேல, வாங்குறவர் ஏல நிறுவனத்துக்குக் கமிஷன் கட்டணும். அப்போ கிறிஸ்டீஸ்ல இருந்த விகிதம் இது: முதல் 2.5 லட்சம் டாலருக்கு 25 சதவீதம், அதுலேர்ந்து 40 லட்சம் வரைக்கும் 20, அதைத் தாண்டினா 12.5. கூட்டிப் பாருங்க: 62,500, அப்புறம் 7.5 லட்சம், அப்புறம் 4 கோடியே 95 லட்சம். மொத்தக் கமிஷன் 5 கோடியே 3 லட்சத்து 12,500. அதான் 45,03,12,500 டாலர்.

இந்தக் கமிஷன் வருஷத்துக்கு வருஷம் மாறுது, அங்கதான் நிறைய பேர் தப்பா ஒப்பிடுறாங்க. 1990-ல வான்கோவோட ‘டாக்டர் காஷே’ 8.25 கோடிக்குப் போச்சு. சுத்தியல் விலை 7.5 கோடி, கமிஷன் வெறும் 10 சதவீதம். 2025-ல கிளிம்ட் வரைஞ்ச எலிசபெத் லெடரர் ஓவியம் 23.64 கோடி, சுத்தியல் விலை 20.5 கோடி. சுத்தியலோட சுத்தியலைத்தான் ஒப்பிடணும், பணவீக்கத்தையும் சேர்த்துக்கணும்.

சரி, அந்த 40 கோடி எப்படி வந்துச்சு? ஏலத்துக்கு முன்னாடியே வெளியாள் ஒருத்தர் சுமார் 10 கோடிக்கு வாங்கிக்கிறேன்னு உத்தரவாதம் கொடுத்துட்டார். அதனால விக்காம போற பயமே இல்ல. அப்புறம், பழைய ஓவியங்களோட ஏலத்துல இதை வைக்கல. சமகால ஓவியங்களோட மாலை ஏலத்துல வச்சாங்க. பெரிய பணம் வர்ற இடம் அது. ரொம்பத் தெளிவா யோசிச்ச முடிவு. சுமார் 19 நிமிஷம் போட்டி. கடைசில 37 கோடில நின்னப்போ போன்ல இருந்தவர் ஒரே தாவா 40-ன்னு கேட்டார், எதிராளி விட்டுட்டார்.

இப்போ அந்த ஓவியம் வரைஞ்ச பலகையைப் பாருங்க. வால்நட் மரம், சுமார் 66 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம். கீழ நடுவுல மரக்கணு இருக்கு. கணு இருக்கிற இடத்துல மரம் ஒரே சீரா சுருங்காது, அதனால விரிசல் விட்டுச்சு. பிற்காலத்துல யாரோ மேல மேல சாயம் பூசி மறைச்சாங்க. அப்படி இருந்தப்போ, 1958-ல 45 பவுண்டுக்கும் 2005-ல 1,175 டாலருக்கும்தான் போச்சு. சுத்தம் பண்ணி அகச்சிவப்புக் கதிர்ல பார்த்தப்போ, இயேசுவோட ஆசீர்வதிக்கிற கையோட கட்டைவிரல் முதல்ல வேற நிலைல இருந்தது தெரிஞ்சுச்சு. இது நகலா இருந்தா, எடுக்கிறவர் கண்ணு முன்னாடி முடிஞ்ச படம் இருக்கும், விரலை இடம் மாத்த அவருக்கு அவசியமே இல்ல. லியோனார்டோ பேர் வந்ததுக்கு அது முக்கியமான காரணம். சேதம் அதிகம், எவ்வளவு அவர் கைன்னு நிபுணர்கள் இன்னும் சண்டை போடுறாங்க, அது நியாயமான சண்டைதான். ஆனா 2013-ல ரஷ்யக் கோடீஸ்வரர் ரைபோலோவ்லேவ் 12.75 கோடி கொடுத்து வாங்கினது அந்தப் பேருக்காகத்தான்.

இன்னொண்ணு கவனிங்க. ஏலப் பட்டியல்ல போடுற மதிப்பீட்டுல கமிஷன் இருக்காது, விற்ற விலைல இருக்கும். அதனால மதிப்பீட்டைத் தாண்டிப் போச்சுன்னு செய்தி வந்தா, முதல்ல கமிஷனைக் கழிச்சிட்டுப் பாருங்க.