படிக்கு ஒரு படி

நேயர்களுக்கு வணக்கம். காவிரிப் படுகையின் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி இயற்பியல் சோதனைக்கூடத்தில் தராசுகளோடும் வெப்பமானிகளோடும் காலம் கழித்தவன் நான். அளவைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, என் நினைவு சோதனைக்கூடத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக் களத்துக்குத்தான் போனது.

பொலியை, அதாவது களத்து நெற்குவியலை, மரக்கால் என்னும் முகத்தல் பாத்திரத்தால் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லிக் கொட்டிவிட்டு, அடுத்ததிலிருந்து 'ரெண்டு', 'மூணு' என்று பாட்டுப் போல எண்ணிக்கொண்டு போவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர்களில் பலருக்கு அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு மரக்கால்கள் இருந்தன. ஒன்று களத்துக்குப் போய் வந்து, விளிம்பு மழுங்கி, அடி நசுங்கிக் கிடக்கும். மற்றொன்று நெல் சேமிக்கும் பத்தாயத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு யாரும் எதையும் அளந்ததில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக்கு முன்னால், அதில் காய்ந்த நெல்லைத் தலைதட்டி நிரப்பி, களத்து மரக்காலில் கொட்டிப் பார்ப்பார் என் பாட்டி. அளக்காத மரக்கால் நமக்கு எதற்கு என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். "தேய்ஞ்சதைத் தேய்ஞ்சதால அளந்தா, தேய்ஞ்சது எப்படிடா தெரியும்?" என்றார் பாட்டி. சோதனைக்கூடத்தில் நாங்கள் கேலிபரேஷன் என்று சொல்வதும், பாடநூல் அளவுத்திருத்தம் என்று சொல்வதும் இந்தக் கேள்விதான். பின்னால் நான் படித்த எந்த நூலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இந்த எண்ணம் நம் மண்ணுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். சற்றுக் குனிந்து கீழே உள்ள கல்வெட்டுகளையும் பார்க்க வேண்டும். இராஜராஜன் கொடுத்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்றும், நகைகள் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன என்றும், நெல் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என்றும், அந்த மரக்கால் 'ராஜகேசரி' என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் பொறித்திருக்கிறார்கள். இத்தனை கழஞ்சு பொன் என்று எழுதுவதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எந்தக் கல்லால் நிறுத்தது என்று கல்லுக்குப் பெயர் சொன்னார்கள், ஒரு மரக்கால் எந்த மரக்காலோடு ஒத்துப்போகிறது என்றும் சொன்னார்கள். ஊருக்கு ஊர் படி மாறிய காலத்தில் இந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இன்றைய ஆய்வகச் சான்றிதழில் 'இன்ன எண்ணுள்ள படிக்கல்லோடு ஒப்பிடப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானம்தான் கண்ணில் வரும்.

பெரிய கோயில் என்றதும் எனக்குப் பிடித்தமான ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மாணவர்கள் பலமுறை கேட்டுச் சலித்த கதை. உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி நில அளவைக்காக ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, சூட்டுக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தினார். அவரிடம் சங்கிலி ஒன்றல்ல, இரண்டு இருந்தன. ஒன்று தரையில் கிடந்து அளக்கும். மற்றொன்று முதலாவதைச் சரிபார்ப்பதற்கு மட்டுமே. நேயர்களே, பத்தாயத்துக்குப் பக்கத்து மரக்கால் நினைவுக்கு வருகிறதா?

அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை அளந்துகொண்டே தெற்கே வந்தார். கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. அதன் கிடைவட்டம் மூன்று அடி அகலம். மலை உள்ள ஊரில் மலையில் ஏற்றுவார். நம் தஞ்சைச் சீமையிலோ மலை ஏது? கண்ணுக்கு எட்டிய வரை வயல், வயல் முடிகிற இடத்தில் தென்னை. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல்தான் ஏற வேண்டியிருந்தது. 1808-இல் பெரிய கோயிலில் அந்தக் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது, கயிறு ஒன்று அறுந்து, கருவி சுவரில் போய் மோதியது. பெட்டிக்குள் இருந்தும் தப்பவில்லை. கோணம் குறிக்கும் அந்தப் பெரிய வட்டமே கோணிப்போனது. கோணத்தை அளக்கும் வட்டம் கோணினால் மிச்சம் என்ன இருக்கிறது? எவராயிருந்தாலும் வேலை முடிந்தது என்று கருவியை மூட்டை கட்டியிருப்பார்கள்.

லாம்டன் கருவியை முழுவதும் பிரித்துப் போட்டார். ஒரு பெரிய தட்டையான பலகையில், வட்டம் முன்பு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் ஒரு வட்டத்தைச் செதுக்கினார். பிறகு ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக் கொண்டு, நசுங்கிய உலோக வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, அந்தப் பலகை வட்டத்தோடு பொருந்தும்படி செய்தார். வளைந்துபோன ஆரங்களைச் சிறு மரச் சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்கள் ஆயின. நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் குடத்து நசுங்கலைத் தட்டி எடுக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே வேலைதான். ஆனால் இங்கே மயிரிழை பிசகினாலும் பல மைல் தள்ளியுள்ள ஊர் வரைபடத்தில் இடம் மாறிவிடும்.

பலகை வட்டம் சரியானதுதான் என்பதற்கு என்ன உறுதி என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்டால் மகிழ்வேன். கோணத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஓரிடத்தில் நின்று சுற்றிலும் உள்ள குறிகளுக்கு இடையே இருக்கும் கோணங்களை ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால், முழுச் சுற்று 360 பாகைதான் வர வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ கருவியில் பிழை. இதற்கு எந்த ஊரிலிருந்தும் படிக்கல் வர வேண்டியதில்லை; வட்டம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நீளத்துக்கும் எடைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றுக்கு யாராவது ஒருவர் ஒரு பொருளைக் காட்டி, இதுதான் என்று சொல்லியாக வேண்டியிருந்தது.

எடைக்கு அப்படிச் சொன்ன பொருள் 1889 முதல் பாரீசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்னும் ஊரில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம். உயரம் 39 மில்லிமீட்டர், குறுக்களவும் அதுவே. கைக்குள் அடங்கும் அந்த உருளைதான் உலகத்தின் கிலோகிராம். அதன் படிகள், அதாவது நகல்கள், நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. 57 என்ற எண்ணுள்ள படி நம்முடையது, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதிலிருந்து மண்டல ஆய்வகத்துக்கு, அங்கிருந்து மாநிலத்துக்கு, மாநிலத்திடமிருந்து முத்திரை ஆய்வரின் பெட்டிக்கு, அந்தப் பெட்டியிலிருந்து கும்பகோணத்து மளிகைக் கடை எடைக்கல்லுக்கு என்று ஒப்பீடு இறங்கி வருகிறது. கல்லின் அடியிலுள்ள ஈயத்தில் குத்தியிருக்கும் முத்திரை அந்த வம்சாவளிக்கு அடையாளம். ஆனால் செவ்ரில் இருந்த மூலத்தையும் அதன் படிகளையும் நூறாண்டுக் காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. ஒரு நெல்மணியின் எடையில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறியது மூலமா, படிகளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாட்டியின் கேள்வி பாரீசுக்கும் போய்விட்டது. 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்தப் பொருளையும் நம்பி இல்லை; பிளாங்க் மாறிலி என்னும், இயற்கையில் எங்கும் மாறாத அளவை நிலையாக வைத்து அதிலிருந்து வரையறுக்கிறார்கள்.

இங்கே ஓர் இடைச்செருகல். இரண்டு தட்டுத் தராசு கல்லோடு பொருளை ஒப்பிடுகிறது. ஆகவே எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் ஒரே விடைதான். மின்னணுத் தராசோ பொருள் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கிறது. புவியீர்ப்பு தில்லியைவிடத் தஞ்சையில் சற்றுக் குறைவு என்பதால், தில்லியில் திருத்திய தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் குறைத்துக் காட்டும். கத்தரிக்காய்க்கு அது பொருட்டில்லை, பொன்னுக்குப் பொருட்டு. எண் ஒளிர்கிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது.

இனி, நம் மாவட்டங்களில் ஒவ்வொரு பருவத்திலும் சண்டை மூட்டுகிற ஒரு கருவியான ஈரப்பத மீட்டருக்கு வருகிறேன். நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மழைக் காலங்களில் சில சமயம் தளர்த்துகிறார்கள். ஒரு தை மாதம், பக்கத்து வயல்காரரான என் நண்பர், ஒரே குவியலிலிருந்து எடுத்த நெல்லுக்கு ஒரு மீட்டர் 16.4 என்றும் இன்னொன்று 18.9 என்றும் காட்டியதாகச் சொல்லி, கோபத்தோடு ஒரு பை நெல்லை என்னிடம் கொண்டுவந்தார். அந்த மீட்டருக்கு ஈரம் என்றால் என்னவென்று தெரியாது. நெல்லை அமுக்கி அதில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று மட்டும் அது பார்க்கிறது. இவ்வளவு பாய்ந்தால் இவ்வளவு ஈரம் என்று யாரோ முன்பே எழுதிவைத்த அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துக் காட்டுகிறது. நெல் சூடாக இருந்தால் மின்சாரம் கூடுதலாகப் பாயும். சூட்டுக்குத் திருத்தம் செய்யாத மீட்டரில், வெயிலில் காய்ந்த நெல்லைச் சூடு ஆறாமல் போட்டால், காய்ந்த நெல்லே ஈர நெல்லாகத் தெரியும்.

மீட்டருக்கு மேல் உள்ள நீதிமன்றம் அடுப்பும் தராசும்தான். நெல்லை அரைத்து, ஐந்து கிராம் நிறுத்து, 130 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஈரம் ஏறாமல் மூடி ஆறவிட்டு மீண்டும் நிறுத்தேன். 4.12 கிராம். குறைந்தது 0.88, அதாவது 17.6 விழுக்காடு. இரண்டு மீட்டரும் தவறு. அரைக்கும் சூட்டிலேயே சிறிது ஈரம் பறந்திருக்கும் என்பதால் உண்மை அளவு 17.6-ஐவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் 17-க்கு மேல். நண்பர் அன்று காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். இருந்தாலும் மறுநாள் நெல்லை மறுபடி காயப்போட்டுவிட்டு வந்து கேட்டார்: "அந்த மீட்டரை இப்படி யார் அடுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்? எப்போது பார்த்தார்கள்?" கொள்முதல் நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. கருவியில் ஒட்டியிருக்கும் தாளில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் விரலைச் சுழற்றுகிறார். கடல்மட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நாட்டில் நிலத்தின் உயரங்களைக் கணக்கிட எந்தக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டார்களோ, அதை அளந்த ஒன்பது துறைமுகங்களில் நம் நாகப்பட்டினமும் ஒன்று என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் கையோடு எடுத்துச் சென்று, அவர் கருவியில் பார்த்த உடனே அதே கையில் உங்கள் கருவியிலும் பார்த்து, இரண்டு எண்களையும் ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள். வணக்கம்.