காசு கொடுத்தோம், கேம் யாருடையது?

வணக்கம் நேயர்களே. வீட்டில் கேம் விளையாடுகிற பிள்ளை இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள். விளையாடுவது நல்லதா கெட்டதா என்று பேச நான் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய கேம் நம்முடையதா, அதுதான் கேள்வி.

என் தங்கச்சியின் மகன் வெள்ளவத்தையில் இருக்கிறான். பிறந்தநாள் காசு, வருடப்பிறப்புக் கைவிசேடம் எல்லாம் சேர்த்து, தகப்பனின் கார்ட்டில் நாலு வருடமாக ஒரு ஒன்லைன் கடையில் 23 கேம் வாங்கியிருந்தான். ஒருநாள் தகப்பன் வங்கிக் கணக்கில் ஏதோ டொலர் கழிபட்டிருப்பதைப் பார்த்து, இது நான் செய்யாதது என்று வங்கிக்கு அறிவித்துவிட்டார். மகன் வாங்கியதுதான், அவருக்கு நினைவில்லை. வங்கி காசைத் திருப்பி எடுத்தது, அடுத்த கிழமையே கடை அவனுடைய கணக்கை முழுதாகப் பூட்டிவிட்டது. தகராறு ஒரு கேமுக்கு, போனது 23. திரையில் பெயர்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கின்றன, எதை அமத்தினாலும் திறக்கவில்லை. "மாமா, நான் காசு குடுத்தனான்தானே?" என்று கேட்டான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கீபோர்ட் வாங்கி, பில்லில் பிரச்சினை வந்தால் கடைக்காரர் அந்தக் கீபோர்டைப் பற்றித்தான் பேசுவார், போன வருடம் விற்ற மொனிட்டரையும் வீட்டுக்கு வந்து தூக்கிக்கொண்டு போக மாட்டார், இல்லையா? ஒன்லைனில் அது நடக்கிறது. ஏனென்றால் அங்கே நாம் வாங்குவது பொருள் அல்ல, விளையாடுவதற்கான அனுமதி. பட்டனில் 'வாங்கு' என்று இருக்கும், ஒப்பந்தத்தில் 'அனுமதி' என்று இருக்கும். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: அனுமதிதான், கொடுத்தவர் திருப்பி எடுக்கலாம்.

யூபிசொஃப்ட் நிறுவனத்தின் 'த க்ரூ' என்ற கார் ஓட்டும் கேம் 2014இல் வந்தது. 2024 மார்ச் 31இல் அதன் சேர்வரை, அதாவது இணையத்தில் அந்தக் கேமை இயக்கிய நிறுவனத்தின் கணினியை, நிறுத்தினார்கள். பெட்டியோடு டிஸ்க் வாங்கி அலுமாரியில் வைத்திருந்தவருக்கும் அன்றோடு சரி, தனியாக விளையாடக்கூட அதற்கு சேர்வர் வேண்டும். அந்தக் கோபத்தில் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 இலட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, அனுமதியை விற்கிறவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட முடியாது. அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2016இல், பணம் திருப்பித் தர முடியாது என்று வாடிக்கையாளரை நம்பவைத்ததற்காக, ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. எங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இல் வந்தது, ஸ்டீம் தொடங்கியதும் அதே 2003இல்தான். கடை எவ்வளவோ வளர்ந்துவிட்டது, சட்டமும் வளரவேண்டும் என்று நாங்கள்தான் கேட்கவேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கொக் (GOG) என்ற ஒன்லைன் கடையில் வாங்கினால் கேமின் கோப்பை இறக்கி உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்புறம், கடை அனுப்பும் ரசீது மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். இரண்டு மாதம் இழுபட்டு மருமகனின் கணக்கு திரும்பக் கிடைத்தது, அவன் அவற்றை ஒன்றுவிடாமல் வைத்திருந்ததால்தான். வணக்கம்.